நேர்மையை பாடமா நடத்த முடியுமா? யூத மரபுல அதை எப்படி சொல்லிக் குடுக்குறாங்க

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா திருப்பிச் சொல்லிடுறேன். ஆடிட் ஆபீஸ்ல வேலை பாக்குறீங்க. சின்ன வயசுலேர்ந்து "பொய் சொல்லாதே"னு கேட்டே வளர்ந்தீங்க, ஆனா ஒரு கிளையன்ட் பில்லை நீட்டி "இதை போன மாச தேதில போட்டுக்கலாமா சார்"னு கேக்குறப்ப அந்த அறிவுரை கைகுடுக்கல. யூதர்கள் நேர்மையை மதப் பாடமாவே உக்காந்து படிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கீங்க, அது நிஜமா, பத்துக் கட்டளைக்கு மேல அதுல அப்படி என்னதான் இருக்குனு கேட்டிருக்கீங்க. கூடவே ஏழு வயசுப் பையன் வேற, அவனுக்கு இதை எப்படி சொல்றதுன்னும் ஒரு வரி. எனக்கென்னவோ நீங்க நிஜமா கேக்குறது வேற ஒண்ணு: நேர்மைங்கிறது பிறவிக் குணமா, இல்ல சொல்லிக் குடுத்து வர வைக்க முடியுமா?

நான் யூதன் இல்ல, ரபியும் (யூத மதகுரு) இல்ல. ஒரு இறையியல் கல்லூரில ரொம்ப வருஷம் ஹீப்ருவும் பழைய ஏற்பாடும் எடுத்தவன், அதோட சேர்த்து மிஷ்னா, தல்மூத்ங்கிற பழைய யூத சட்ட நூல்களோட பகுதிகளை மாணவர்களோட வரி வரியா வாசிச்சவன், அவ்வளவுதான். அதனால நூல்ல என்ன இருக்குனு சொல்றப்ப தைரியமா சொல்வேன். ஒரு யூத வீட்டுக்குள்ள அது எப்படி நடைமுறையில இருக்குனு சொல்றப்ப வெளியாள் பேச்சுன்னு எடுத்துக்கோங்க.

பத்துக் கட்டளையில இருக்குறது பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிறதுதான், அது கோர்ட் விஷயம். தினசரி நேர்மைக்கு அடிப்படை லேவியராகமம் 19, உபாகமம் 25 இந்த ரெண்டு அதிகாரமும். திருடாதே, ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்தாதே, குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காதே, சரியான தராசு சரியான படி வச்சுக்கோ, பையில பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணுனு ரெண்டு எடைக்கல் வைக்காதே. இதெல்லாம் தலைப்பு மாதிரிதான். இதுக்கு அப்புறம் கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாவும், அதுக்கு மேல பாபிலோன்ல சுமார் 500 வரைக்கும் வளர்ந்த தல்மூத்தும் இந்த ஒவ்வொரு வரியையும் எடுத்து, "சரி, இந்த மாதிரி நடந்தா என்ன பண்ணுவே, அந்த மாதிரி நடந்தா என்ன பண்ணுவே"னு கேட்டுக்கிட்டே போகுது. அங்க நேர்மைக்கு அறிவுரை ரொம்ப கம்மி, கேஸ்தான் அதிகம். நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான்.

தல்மூத் படிக்க ஆரம்பிக்கிற பசங்களுக்கு பல யெஷிவாக்கள்ல, அதாவது மதப் பாடசாலைகள்ல, முதல்ல எடுக்குற பகுதிகள்ல ஒண்ணு பாபா மெட்சியாங்கிற நூலோட ரெண்டாவது அத்தியாயம். அதுல கடவுள் எப்படிப்பட்டவர், சொர்க்கம் எங்க இருக்குனு எதுவும் கிடையாது. கீழ கிடந்த பொருளை எடுத்தா என்ன பண்ணணும், அதுதான் பாடம். ரோட்ல சில்லறை சிதறிக் கிடந்தா நீ எடுத்துக்கலாம், ஆனா பர்ஸோட கிடந்தா ஊருக்கு அறிவிக்கணும். பேக்கரி ரொட்டின்னா எடுத்துக்கலாம், வீட்ல சுட்ட ரொட்டின்னா அறிவிக்கணும், ஏன்னா பேக்கரி ரொட்டி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வீட்டு ரொட்டில செஞ்சவங்க கை தெரியும், தேடி வர்றவங்க அடையாளம் சொல்ல முடியும். மூணு காசு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருந்தா? அறிவிக்கணும். சிதறி விழுந்த காசு அப்படி அடுக்கா விழாது, யாரோ வச்சிருக்காங்க.

இதை நான் வகுப்புல எடுக்குறப்ப எப்பவும் ஒரே மாதிரிதான் நடக்கும். முதல் பத்து நிமிஷம் பசங்க "என்ன சார் இது, ரொட்டிக்கெல்லாம் சட்டமா"னு சிரிப்பாங்க, அப்புறம் ஒருத்தன் "சார், சில்லறை தொலைச்சவன் தொலைச்சதே இன்னும் அவனுக்குத் தெரியலன்னா?"னு கேப்பான், அவ்வளவுதான், அதுக்கப்புறம் மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாங்க. தொலைச்சவன் "போச்சு, இனி கிடைக்காது"னு மனசு விட்ட பிறகுதான் அது உன்னோடதாகும்ங்கிறது விதி, ஆனா அவனுக்கு இன்னும் விஷயமே தெரியலன்னா அவன் எப்படி மனசு விட்டிருக்க முடியும்? இதே கேள்விக்குத்தான் அபாயே, ராவான்னு ரெண்டு ரபிங்க நாலாம் நூற்றாண்டுல பக்கம் பக்கமா மோதியிருக்காங்க. வழக்கமா இவங்க ரெண்டு பேரு சண்டையில ராவாதான் ஜெயிப்பாரு, இதுல அபாயே ஜெயிச்சுட்டாரு: அவனுக்குத் தெரியாத வரைக்கும் அது உனக்கு இல்ல. எடுத்து வச்ச பொருளை எப்படி பாத்துக்கணும்னு கூட விதி இருக்கு. துணின்னா 30 நாளைக்கு ஒரு தடவை உதறி வைக்கணும், விரிச்சு வைக்கலாம், ஆனா துணி கெடாம இருக்கத்தான் விரிக்கணும், நம்ம வீட்டுக்கு விருந்தாளி வர்றப்ப பந்தாவுக்கு விரிக்கக் கூடாது. பத்து வயசுப் பையன் ஒருத்தன் இதை மாசக்கணக்குல உக்காந்து வாதாடினா அடுத்தவன் பொருள்ங்கிற விஷயம் அவன் மண்டையில எங்க போய் உக்காரும்னு யோசிச்சுப் பாருங்க.

எடை, அளவு விஷயத்துக்கு வந்தா இன்னும் பொடி வேலை. மொத்த வியாபாரி படியை 30 நாளைக்கு ஒரு தடவை துடைக்கணும், கடைக்காரன் வாரத்துக்கு ரெண்டு தடவை படியைத் துடைக்கணும், வாரம் ஒரு தடவை எடைக்கல்லைத் துடைக்கணும், தராசுத் தட்டை ஒவ்வொரு எடைக்கும் துடைக்கணும்னு மிஷ்னா சொல்லுது. ஒட்டிக்கிட்டு இருக்குற எண்ணெய், பிசுக்கு எல்லாம் வாங்குறவனுக்கு நஷ்டம், நீ வேணும்னு பண்ணலன்னாலும் நஷ்டம் நஷ்டம்தான். அளவு குறைஞ்ச படியை வியாபாரத்துக்கு எடுக்காட்டியும் வீட்ல வச்சிருக்கவே கூடாது, மூத்திரச் சட்டியா கூட உபயோகிக்கக் கூடாதுன்னு தல்மூத்ல இருக்கு (ஆமா, அப்படியேதான் எழுதியிருக்கு). கூடையில மேல மட்டும் நல்ல சரக்கு தெரியுற மாதிரி சுத்தம் பண்ணி வைக்காதேன்னும் இருக்கு. இந்த மாதிரி தில்லுமுல்லை எல்லாம் வரிசையா சொல்ல வேண்டி வந்தப்ப யோகனான் பென் சக்காய்ங்கிற பெரியவர் திணறியிருக்காரு. சொன்னா ஏமாத்துறவன் கத்துக்குவான், சொல்லாட்டி "இந்தப் படிச்சவங்களுக்கு நம்ம வேலை எதுவும் தெரியாது"னு நினைச்சுக்குவான். கடைசியில சொன்னாரா இல்லையான்னு தல்மூத்தே கேட்டு, சொன்னாருன்னு பதிலும் தருது. ஆடிட்ல இருக்குற உங்களுக்கு அந்தத் திணறல் நல்லாவே புரியும்.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அடுத்தது. பொருளைத் திருடுறது மட்டும் திருட்டு இல்ல, அடுத்தவன் மனசுல ஒரு தப்பான எண்ணத்தை உண்டாக்கி அவன் நன்றியை வாங்கிக்கிறதும் திருட்டுதான்னு ஷமுவேல்ங்கிற மூணாம் நூற்றாண்டு ரபி சொல்றாரு, அதுவும் எதிர்ல இருக்கிறவன் யூதனா இல்லாட்டியும் கூடாதுன்னு சேர்த்தே சொல்றாரு. உதாரணத்தைப் பாருங்க. சாப்பிட மாட்டான்னு தெரிஞ்சே "சாப்பிட்டுத்தான் போகணும்"னு வற்புறுத்தாதே. எண்ணெய்க் குடுவை காலின்னு தெரிஞ்சே "தலைக்குத் தேச்சுக்கோங்க"னு நீட்டாதே. ஏற்கனவே கடைக்காரனுக்கு வித்துட்ட ஒயின் பீப்பாயை விருந்தாளிக்காகத் திறக்குற மாதிரி திறக்காதே. இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல, கவனிச்சீங்களா? ஷமுவேலே ஒரு தடவை படகுல போறப்ப, படகுக்காரனை சமாதானப்படுத்துன்னு உதவியாள்கிட்ட சொன்னாரு, அவனும் பண்ணினான், அப்புறம் ஷமுவேலுக்குக் கோபம் வந்துடுச்சு. ஏன்னு கேட்டா, மத விதிப்படி சாப்பிடத் தகாத கோழியை நல்ல கோழின்னு குடுத்துட்டான்னு ஒருத்தர் சொல்றாரு, தண்ணி கலந்த ஒயினை நல்ல ஒயின்னு குடுத்துட்டான்னு இன்னொருத்தர் சொல்றாரு. எது நடந்துச்சுன்னு அங்கேயே முடிவு பண்ணல, ரெண்டையும் எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க.

அதே பக்கத்துல இதுக்கு எல்லையும் போட்டிருக்காங்க. முன்னாடி சொன்ன ராவாவும் ராவ் சஃப்ராங்கிற இன்னொரு ரபியும் ஒரு ஊருக்கு நடந்து போறாங்க, எதிர்ல மார் சூத்ரான்னு ஒரு பெரிய மனுஷன் வர்றாரு, தன்னை வரவேற்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்கன்னு நினைச்சு "எதுக்கு இவ்வளவு சிரமம்"னு உருகுறாரு. சஃப்ரா பட்டுனு "நீங்க வர்றதே எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா இன்னும் அதிகமாவே சிரமப்பட்டிருப்போம்"னு சொல்லிடுறாரு. ராவா தனியா கேக்குறாரு, ஏன்யா மனுஷன் மனசை நோகடிச்சேனு. சொல்லாம விட்டா ஏமாத்துன மாதிரி ஆயிடுமேன்னு சஃப்ரா சொல்ல, நாம ஏமாத்தலையே, அவராத்தானே ஏமாந்தாருன்னு ராவா. நியாயம் ராவா பக்கம்தான்னு பொதுவா எடுத்துக்குறாங்க, எனக்கு என்னமோ சஃப்ராவைத்தான் பிடிக்குது.

அந்த சஃப்ரா பத்தி இன்னொரு கதை ரொம்ப பிரபலம், ஆனா அதுல ஒரு எச்சரிக்கை. மனசுக்குள்ளயே உண்மை பேசுறவன்னு சங்கீதம் 15ல வருதே, அதுக்கு உதாரணம் ராவ் சஃப்ரான்னு தல்மூத்ல ஒரே வரிதான் இருக்கு. கதை பின்னாடி வந்தவங்க எழுதினது, 11ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி வழியாத்தான் பரவுச்சு. அவர் ஜெபத்துல இருக்கிறப்ப ஒருத்தன் வந்து அவர்கிட்ட இருந்த பொருளுக்கு ஒரு விலை சொல்றான், அவர் பதில் பேசல, ஜெபத்துக்கு நடுவுல பேசக் கூடாது. விலை பத்தல போலன்னு நினைச்சு அவன் ஏத்திக்கிட்டே போறான். ஜெபம் முடிஞ்சதும் இவர் சொல்றாரு, முதல்ல சொன்ன விலைக்கே எடுத்துக்கோ, அப்பவே மனசுல சரின்னு சொல்லிட்டேன். நடந்துச்சான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. இப்படி ஒரு ஆளைத்தான் உதாரணமா நிறுத்துறாங்கங்கிறது மட்டும் நிச்சயம்.

இப்ப உங்க பில் தேதிக்கு வர்றேன். யாத்திராகமம் 23:7ல பொய்யான விஷயத்துலேர்ந்து தள்ளி நில்லுன்னு இருக்கு, வெறுமனே பொய் சொல்லாதேன்னு இல்ல. தள்ளி நிக்கிறதுன்னா எவ்வளவு தூரம்னு தல்மூத் கேஸ் கேஸா அளக்குது. ஒரு குரு சிஷ்யன்கிட்ட சொல்றாரு: "நான் பொய் சொல்ல மாட்டேன்னு உனக்கே தெரியும், இன்னார் எனக்குப் பணம் தரணும், என்கிட்ட ஒரு சாட்சிதான் இருக்கு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா வந்து பக்கத்துல நில்லு, ரெண்டு சாட்சி இருக்குனு நினைச்சு அவன் பயந்து குடுத்துடுவான்." கடன் நிஜம், குரு நல்லவரு, சிஷ்யன் வாயே திறக்கப் போறதில்ல. அப்பவும் போகக் கூடாது. இன்னொண்ணு, குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காதேங்கிற வரியை, தப்பு பண்ணப் போறவனுக்குக் கருவி எடுத்துக் குடுக்காதேன்னும் விரிச்சிருக்காங்க. ஒயின் குடிக்க மாட்டேன்னு விரதம் எடுத்த நசரேயனுக்கு ஒயின் கோப்பையை நீட்டாதே. அங்கயும் ஒரு கேள்வி: அவனே எட்டி எடுத்துக்க முடியும்னா? அதுக்குத்தான் ஆத்துக்கு அந்தக் கரையில அவன், இந்தக் கரையில நீயும் கோப்பையும்னு ஒரு கேஸ் வச்சு, நீ இல்லாம அவனால பண்ணவே முடியாதுன்னா பொறுப்பு முழுசா உன் மேலன்னு சொல்றாங்க. கணக்குல அந்த என்ட்ரி உங்க கை இல்லாம விழாதுன்னா நீங்க எந்தக் கரையில நிக்கிறீங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவனாவே போட்டுக்குவான்ங்கிற நிலைமையில என்ன பண்றதுங்கிறதுக்கு பின்னாடி வந்த ரபிகளுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது, அது வேற.

உண்மையே எல்லாத்துக்கும் மேலன்னு இந்த மரபு சொல்லுதான்னா, இல்ல. சாரா "என் புருஷன் கிழவன்"னு சொல்லிச் சிரிச்சதை, கடவுள் ஆபிரகாம்கிட்ட "நான் கிழவின்னு சாரா சொன்னா"னு மாத்திச் சொல்றாரு, வீட்ல சமாதானம் கெடக் கூடாதுன்னுதான். ஆதியாகமம் 18 எடுத்து 12, 13 வசனத்தை நீங்களே ஒப்பிட்டுப் பாக்கலாம். ரெண்டு பழைய குருமாரோட சிஷ்யர் கட்சிங்க மோதின கேஸும் ஒண்ணு இருக்கு: கல்யாணப் பொண்ணைப் பத்திப் பாடுறப்ப இருக்குறபடி பாடுன்னு ஷம்மாய் கட்சி, எந்தப் பொண்ணா இருந்தாலும் அழகான, நல்ல பொண்ணுன்னு பாடுன்னு ஹில்லேல் கட்சி. ஹில்லேல் கட்சிதான் நின்னுச்சு.

ஆனா குழந்தைங்க விஷயத்துல இந்தச் சலுகை கிடையாது, உங்க பையனுக்கான பதில் இங்கதான் இருக்கு. குழந்தைகிட்ட "உனக்கு ஒண்ணு தர்றேன்"னு சொல்லிட்டுத் தராம இருக்காதே, அது பொய்யைக் கத்துக்கும்னு ரபி சேய்ரா சொல்றாரு. அழுகையை நிறுத்த நாம எல்லாரும் பண்றதுதான். அதைவிட நுணுக்கமா இன்னொரு கதை. ராவ்ங்கிற பெரிய ரபிக்கு வீட்ல எப்பவும் தகராறு, அவர் பருப்பு கேட்டா மனைவி பட்டாணி சமைப்பாங்க, பட்டாணி கேட்டா பருப்பு. பையன் ஹியா வளர்ந்ததும், அப்பா சொல்றதை அம்மாகிட்ட மாத்திச் சொல்ல ஆரம்பிச்சான், அப்பாவுக்குக் கேட்டதே கிடைச்சுது. "உங்க அம்மா திருந்திட்டாங்கடா"னு அப்பா சந்தோஷப்பட, "நான்தான்ப்பா மாத்திச் சொன்னேன்"னு பையன். ராவ் அவன் புத்திசாலித்தனத்தை ஒத்துக்கிட்டாரு, ஆனா "நீ இனிமே அப்படிச் செய்யாதே, நாக்கு பொய்க்குப் பழகிடும்"னு நிறுத்திட்டாரு. சமாதானத்துக்காக மாத்திச் சொல்லலாம்னு மேல சொன்ன அதே மரபுதான். ஒரு பையன் அதையே தினசரி வேலையா வச்சுக்கக் கூடாதுங்கிறதுதான் வித்தியாசம்னு நான் புரிஞ்சுக்கிறேன். அவர் அடிக்கல, கத்தல, தனக்கு நல்லது பண்ணின பொய்யையே வேணாம்னுட்டாரு, அது முக்கியம்.

தப்பு பண்ணிட்டா என்ன? வருஷத்துக்கு ஒரு தடவை யோம் கிப்பூர், பாவநிவாரண நாள், நாள் முழுக்க உபவாசம். அன்னிக்கு எல்லாரும் எழுந்து நின்னு சொல்ற நீளமான பாவ அறிக்கையில வியாபாரக் கொடுக்கல் வாங்கல், லஞ்சம், வட்டி எல்லாம் தனித்தனி வரியா வருது. ஆனா மனுஷனுக்கு மனுஷன் பண்ணின தப்புக்கு அந்த நாள் மன்னிப்பு தராது, முதல்ல போய் அவனை சமாதானப்படுத்துன்னு மிஷ்னாவே சொல்லிடுது. மனந்திரும்புதல் முழுசாச்சுன்னு எப்படித் தெரியும்னா, அதே சந்தர்ப்பம் மறுபடி வந்து, பண்ண முடிஞ்சும் பண்ணாம இருந்தாத்தான்னு 12ஆம் நூற்றாண்டுல மைமோனிடிஸ்ங்கிற யூத சட்ட அறிஞர் எழுதினாரு. 19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவுல இஸ்ரேல் சலான்டர்ங்கிறவர், படிச்சா மட்டும் பத்தாது, குணத்தைப் பழக்கணும்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாரு. 1808ல வந்த ஒரு பழைய பயிற்சி முறைக்கு அவர் மறுபடி உயிர் குடுத்தாரு: 13 குணம், வாரத்துக்கு ஒண்ணு, தினமும் ராத்திரி குறிப்பேட்டுல எழுதணும். சுவாரசியம் என்னன்னா அந்த முறையோட மூலம் அமெரிக்காவோட பெஞ்சமின் ஃப்ராங்க்ளின்.

இதெல்லாம் படிச்சா ஆள் நேர்மையா ஆயிடுவானா? இங்கதான் நிச்சயமா சொல்ல முடியாத இடம். ஏமாத்துறவன் எல்லா சமூகத்துலயும் இருக்கான், தல்மூத்தைக் கரைச்சுக் குடிச்சவன்லயும் உண்டு. விதி நிறைய இருந்தா ஓட்டையும் நிறைய இருக்கும். இதை அவங்களே சொல்லிட்டாங்க, 13ஆம் நூற்றாண்டு ரபி நக்மானிடிஸ், எல்லா விதியையும் கடைப்பிடிச்சுக்கிட்டே ஒருத்தன் கேவலமானவனா இருக்கலாம்னு லேவியராகமம் 19க்கு உரை எழுதுறப்ப எழுதியிருக்காரு. இன்னொண்ணும் மறைக்கக் கூடாது: பழைய சட்டத்துல தொலைஞ்ச பொருள் மாதிரி சில விஷயத்துல யூதனுக்கு ஒரு விதி, அன்னியனுக்கு ஒரு விதின்னு இருந்துச்சு. அதை வச்சுத்தான் யூத வெறுப்பு பேசுறவங்க பாதியை மட்டும் வெட்டி ஒட்டுறாங்க. மீதிப் பாதி என்னன்னா, அன்னியனைக் கொள்ளையடிக்கிறது இன்னும் பெரிய குற்றம், அது கடவுள் பேரையே கெடுக்குதுன்னு அதே காலத்து நூல்லயே இருக்கு. 1300 வாக்குல தென் பிரான்ஸ்ல இருந்த மெய்ரிங்கிற ரபி, நெறியோட வாழுற எந்த ஜனத்துக்கும் முழு சமம்னு எழுதிட்டாரு. ஷிமோன் பென் ஷெட்டாக்ங்கிற பெரியவருக்காக அவர் சிஷ்யர்கள் ஒரு அரபிகிட்ட வாங்கின கழுதையோட கழுத்துல விலை உயர்ந்த கல் தொங்கினப்ப, "வாங்கினது கழுதையை, கல்லை இல்ல"னு திருப்பிக் குடுத்த கதையைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்றாங்க.

விதிக்கு மேல போற இடத்துக்கு ஒரு கேஸ் சொல்றேன். ராபா பார் பார் ஹன்னான்னு ஒருத்தரோட ஒயின் பீப்பாயைச் சுமைகூலிங்க உடைச்சுட்டாங்க, அவர் அவங்க மேலங்கியைப் பிடுங்கி வச்சுக்கிட்டாரு. அவங்க ராவ்கிட்ட போறாங்க, அதே பருப்பு பட்டாணி ராவ்தான். அங்கியைத் திருப்பிக் குடுங்கறாரு. "இதுதான் சட்டமா?" "ஆமா." கூலிங்க விடல: "நாங்க ஏழைங்க, நாள் பூரா உழைச்சோம், பசிக்குது, கையில ஒண்ணும் இல்ல." கூலியையும் குடுங்கறாரு ராவ். "இதுவுமா சட்டம்?" "ஆமா"ன்னு நீதிமொழிகள்லேர்ந்து ஒரு வசனத்தைக் காட்டுறாரு. சாதாரண சட்டப்படி ராபா கேட்டதுல நியாயம் இருக்கு, ஆனா அவர் சட்டம் படிச்ச ஆளு, அதனால அவருக்கு அளவுகோல் கூடன்னு நான் வாசிக்கிறேன், வேற மாதிரி வாசிக்கிறவங்களும் இருக்காங்க.

ஆரம்பிக்கணும்னா செஃபாரியாங்கிற இணைய நூலகத்துல ஆங்கில மொழிபெயர்ப்போட எல்லாம் இலவசமா கிடைக்குது. பாபா மெட்சியா ரெண்டாம் அத்தியாயத்துல தொடங்குங்க, பையனுக்கு அந்த ரொட்டி, காசு கேஸை அப்படியே கேள்வியா போடுங்க, பதிலை நீங்க சொல்லாதீங்க. நாலாம் அத்தியாயம் விலை, கலப்படம், பேச்சால மனசை நோகடிக்கிறது, அது உங்க வேலைக்கு. தனியா வாசிக்காதீங்க, யெஷிவால ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர்ல உக்காந்து கத்திக்கிட்டுத்தான் படிப்பாங்க. ஆபீஸ்லயே உங்ககூட சண்டை போடத் தயங்காத ஆள் ஒருத்தரைப் பிடிங்க, பில் தேதி கேட்ட கிளையன்ட்டுக்கு உங்க ஆபீஸ்ல சரின்னு சொல்லலாம்னு நினைக்கிற ஆளா இருந்தா இன்னும் நல்லது.